நாயோடு ரூம் போடுவது எப்படி? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து பெங்களூர் போனாலும், பெங்களூரிலிருந்து சேலம், மதுரை என்று இறங்கினாலும் கிருஷ்ணகிரியைத் தொடாமல் போவது கஷ்டம். நடுவழியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பின்சீட்டில் நாயும் இருந்தால் அந்த ஒரு ராத்திரிக்கே பத்துச் சந்தேகம் வருகிறது. உள்ளூர்க்காரன், வீட்டில் நாய் வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் நாயை உள்ளே விடுகிற லாட்ஜ் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் போர்டு எதையும் எதிர்பார்க்காதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுனுக்குள் இருக்கும் லாட்ஜ்களில் பெரும்பாலானவை கல்யாணக் கூட்டம், மெடிக்கல் ரெப், கோர்ட் வேலையாக வருகிறவர்கள், மாங்காய் வியாபாரிகள் என்று இவர்களை நம்பி நடப்பவை. நாயோடு ஒரு குடும்பம் வந்து நிற்பது அங்கே எப்போதாவது நடக்கிற சங்கதி. அதனால் "நாய்க்கு அனுமதி உண்டு" என்றும் எழுதியிருக்காது, "இல்லை" என்றும் எழுதியிருக்காது. கவுண்டரில் அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சொல்வதுதான் சட்டம்.

சிக்கலும் இங்கேதான். பகல் மேனேஜர் போனில் "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்பார். நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்குப் போய் இறங்கும்போது அவர் வீட்டுக்குப் போயிருப்பார். டூட்டியில் இருக்கிற பையன் நாயைப் பார்த்துவிட்டு "யார் சார் சொன்னது?" என்பான். அவன் மேல் தப்பில்லை, அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான்.

ஓசூர் கதை வேறு. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் என்பதால், சனி ஞாயிறு நாயோடு கிளம்பி வருகிற பெங்களூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய ரிசார்ட்டுகளும் பண்ணை வீடுகளும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் உண்டு. வாடகை கூடத்தான். ஆனால் "என்ன ஜாதி சார், எவ்வளவு பெருசு?" என்று அவர்களே கேட்பார்கள். அப்படிக் கேட்கிற இடம் நல்ல இடம்.

ஆன்லைனில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி' என்று போட்டிருக்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். குறைந்தபட்சம், லாட்ஜுக்கே ஒரு போன் போடாமல் கட்டாதீர்கள். புக்கிங் ஆப்பில் அந்தக் கட்டத்தை எப்போதோ, யாரோ டிக் செய்து வைத்திருப்பார்கள். லாட்ஜில் இருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஆப்காரரும் லாட்ஜ்காரரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அதற்குள் நாய் ரோட்டோரம் நிற்கும்.

போன் போட்டு என்ன கேட்க வேண்டும்?

முதலில், நீங்கள் வந்து சேரும் நேரத்தில் டூட்டியில் யார் இருப்பார் என்று கேளுங்கள். முடிந்தால் முதலாளியிடமே பேசிவிடுங்கள். இந்த ஊர்களில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் நம்பர் கொடுப்பார்கள். அப்புறம் பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "நாளை ராத்திரி வருகிறோம், மூன்று பேர், ஒரு நாய், லாப்ரடார், 30 கிலோ, ஊசி எல்லாம் போட்டது. கீழ்த்தளத்தில் அறை தருவதாகச் சொன்னீர்கள்." அதற்கு ஒரு "ஓகே" வாங்கிவிட்டால், ராத்திரி வரும் பையனிடம் காட்ட ஒன்று கையில் இருக்கும். நாயின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'நாய்' என்றதும் கேட்கிறவர் மனதில் அவரைத் துரத்திய தெருநாய்தான் வரும். குளித்து, கழுத்துப்பட்டை போட்டு, சோபாவில் உட்கார்ந்திருக்கிற படம் பாதி வேலையை முடித்துவிடும்.

எடையையும் ஜாதியையும் மறைக்காதீர்கள். "சின்ன நாய்தான்" என்று சொல்லிவிட்டு ராஜபாளையத்தை இறக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சொல்லாமல், பையில் போட்டு மேலே கொண்டுபோய்விட்டால் என்ன?

சின்ன நாய் வைத்திருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி இது. முடியும். ஆனால் அறைக்குள் நாய் குரைத்ததும் கதவு தட்டப்படும், ராத்திரி ஒரு மணிக்கு வெளியே அனுப்பினாலும் உங்களிடம் பதில் இருக்காது. அதோடு, அந்த லாட்ஜ் அடுத்து வருகிற நாய்க்காரருக்குக் கதவைத் திறக்காது. இந்தப் பக்கம் "இல்லை" என்று சொல்கிற லாட்ஜ்களில் சிலவற்றுக்கு முன்னால் இப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது.

சட்டப்படி அவர்கள் இடம் கொடுத்தாக வேண்டும் என்று வாதாடலாமா?

வாதாடாதீர்கள். வளர்ப்பு நாயை ஏற்பதும் மறுப்பதும் லாட்ஜ் நடத்துகிறவர் விருப்பம்.

கூடுதல் பணம் கேட்கிறார்களே?

இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒன்று நாய்க்குத் தனி வாடகை, இன்னொன்று திருப்பித் தரும் டெபாசிட். இரண்டில் எது என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டெபாசிட் என்றால் சாவி வாங்கும்போதே அறையை போனில் வீடியோ எடுத்து வையுங்கள், முக்கியமாக மெத்தை, கதவின் அடிப்பக்கம், திரைச்சீலை. ஏற்கெனவே இருக்கிற கறைக்கு உங்கள் நாய் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நாய் படுக்கையில் ஏறுகிற ஜாதி என்றால் வீட்டிலிருந்து பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து மேலே விரியுங்கள். லாட்ஜ்காரருடைய பயம் நாயைப் பார்த்து இல்லை. மறுநாள் அதே கட்டிலில் படுக்கப் போகிறவர் பெட்ஷீட்டில் முடியைப் பார்த்து என்ன சொல்வார் என்பதுதான் அவருடைய பயம். அந்தப் போர்வையை ரூம் பாய் பார்த்தாலே போதும், பேச்சு மாறிவிடும்.

எந்த அறையைக் கேட்பது?

கீழ்த்தளம், பார்க்கிங் பக்கம் கதவு, வரிசையில் கடைசி அறை. ராத்திரி இரண்டு மணிக்கு நாய்க்கு அவசரம் என்றால் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். லிஃப்டே கிடையாது என்றால் சந்தோஷம், ஏனென்றால் லிஃப்டில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது: நாய் உள்ளே, கயிற்றைப் பிடித்தவர் வெளியே, கதவு மூடிவிடும். மாடி அறைதான் கிடைத்தது என்றால் படியில் ஏறுங்கள்.

ஏசி அறை என்றால் இன்னும் இரண்டு கேள்வி. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா? பல இடங்களில் ஜெனரேட்டருக்கு லைட்டும் ஃபேனும் மட்டும்தான். அடுத்தது, கதவுக்கு கார்டு சாவி என்றால், கார்டை உருவியதும் அறையில் கரண்ட் நின்றுவிடும். சாப்பிடக் கீழே போகிறீர்கள், மூடிய அறையில் நாய், ஏசி நின்றுபோய்விட்டது, சித்திரை வெயில். கேட்டால் இன்னொரு கார்டு தருவார்கள்.

அறைக்குள் போனதும் முதல் வேலை என்ன?

நாயை வெளியே யாராவது பிடித்துக்கொள்ள, நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் பாருங்கள். தேடுவது எலி கேக், அதாவது எலியைக் கொல்ல வைக்கிற விஷக் கட்டி. எலித்தொல்லை இருக்கிற லாட்ஜ்களில் மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், நாய் மோப்பம் பிடித்து ஒரே வாயில் முழுங்கிவிடும். இரத்தம் உறையவிடாமல் செய்கிற வகை மருந்து என்றால் அன்றைக்கு நாய் நன்றாகவே இருக்கும், சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் தின்றது தெரிந்த உடனே, நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், அந்த விஷத்தின் அட்டைப் பெட்டியோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடுத்து பாத்ரூம். பினாயிலோ ஆசிட்டோ போட்டுக் கழுவின ஈரம் காயாமல் இருந்தால் ஒரு முறை தண்ணீர் ஊற்றிவிடுங்கள், நாய் தரையை நக்கும், பாதத்தையும் நக்கும். பக்கெட்டில் இருக்கிற தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பால்கனி கம்பிகளுக்கு நடுவில் உங்கள் நாயின் தலை நுழையுமா என்றும் பாருங்கள்.

குட்டி நாய் என்றால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தடுப்பூசி வரிசை முழுதாக முடியாத குட்டியை லாட்ஜுக்கே கூட்டிக்கொண்டு வராதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தி, பேதி தருகிற பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். உங்களுக்கு முன்னால் அந்த அறையில் யார் நாய் தங்கியதோ!

நாயை அறையில் பூட்டிவிட்டு வெளியே போகலாமா?

பெரும்பாலான லாட்ஜ்கள் சம்மதிக்க மாட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். வீட்டில் நாள் முழுக்கத் தனியாக இருக்கிற நாய்கூட புது இடத்தில், புது வாசனையில், தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று கதவைப் பிறாண்டும். கூண்டுக்குப் பழகிய நாய் மட்டும் விதிவிலக்கு. கீழே காபி குடிக்க மட்டும் போவதென்றால், உங்கள் பனியனைப் பக்கத்தில் போட்டு, டிவியை மெல்லிய சத்தத்தில் விட்டுப் போங்கள். ரிசப்ஷனில் போன் நம்பர் கொடுங்கள். ரூம் பாய் கதவைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். டவல் கொடுக்க வந்தவர் கதவைத் திறக்க, நாய் பைபாஸ் ரோட்டுக்கு ஓடினால் அப்புறம் தேடுவது லேசு இல்லை.

அப்படியென்றால் நாங்கள் சாப்பிடுவது எப்படி? காரில் விட்டுவிட்டுப் போகலாமே?

வெயிலில் நிறுத்திய கார் பத்து நிமிடத்தில் வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி சூடாகிவிடும், அரை மணியில் அந்தப் பத்து இருபதாகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காலையில் சில்லென்று இருக்கும். அதை நம்பி அதே நினைப்பில் கிருஷ்ணகிரிக்கு இறங்கி வந்தால் மதிய வெயில் வேறு மாதிரி. பக், ஷீட்ஸூ மாதிரி சப்பை மூக்கு நாய்கள் இதில் சீக்கிரம் விழும்.

ஒருவர் சாப்பிட, ஒருவர் நாயோடு இருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் பார்சல். ஹைவேயில் மரத்தடியில் வெளியே மேசை போட்ட கடைகளில் கேட்டால், ஓரமாகக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.

நாய் மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகித் தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். நிழலில் படுக்கவைத்து, சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடை, பாதத்தில் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்.

நாய்க்குச் சாப்பாடு?

வழக்கமாகப் போடுகிற தீனியையே அளந்து கொண்டுவாருங்கள். பயணத்தில் புதுத் தீனி என்றால் ராத்திரி லாட்ஜ் தரைதான் பதில் சொல்லும். தீர்ந்துவிட்டால் சட்னி சாம்பார் இல்லாமல் இட்லி, அவித்த முட்டை, தயிர் சாதத்தில் தாளிப்பு இல்லாதது. அசைவ மெஸ்ஸில் கொஞ்சம் முன்னாலேயே சொன்னால் உப்பு, மசாலா இல்லாமல் கோழி அவித்துக் கொடுப்பார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். குழம்பு, கிரேவி எதுவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மாம்பழ சீசனில் வருகிறோம். நாய்க்கு மாம்பழம் கொடுக்கலாமா?

கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டுக் கொடுக்காமல் எப்படி! தோல் சீவி, சதையை நாலு துண்டு கொடுங்கள், அதற்கு மேல் போனால் வயிறு கழியும். மாங்கொட்டையை மட்டும் காட்டவே காட்டாதீர்கள். வழவழவென்று இருப்பதால் பெரிய நாய்கள் சப்பிக்கொண்டே இருந்து அப்படியே முழுங்கிவிடும். தொண்டையில் நிற்கும், இல்லை குடலை அடைக்கும். பிறகு வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன்தான். மே, ஜூன், ஜூலையில் ரோட்டோர மண்டிகள் பக்கம் தரையெல்லாம் கொட்டையாகக் கிடக்கும், நடக்கவிடும்போது கயிற்றைச் சிறிதாகப் பிடியுங்கள். பண்ணை வீட்டில் தங்கினால் தோப்புக்குள் அவிழ்த்துவிடாதீர்கள், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

எந்தத் தேதிகளைத் தவிர்க்கலாம்?

முகூர்த்த நாட்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். அன்று அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்து மேளமும் விடிகாலை வெடியும் நாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும். தை, மாசியில் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். நீங்கள் போய்ப் பாருங்கள், நாய் வேண்டாம். தீபாவளி பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒகேனக்கல்லுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். போகலாம். ஆனால் நாய்க்கு அங்கே சுகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். குரங்குகள் ஏராளம். கையில் பை இருந்தால் பிடுங்கும், ஜன்னல் திறந்திருந்தால் அறைக்குள்ளும் வரும். நாய் குரைத்தால் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும், குரங்குக் கடி ஆழமானது. மீன் வறுக்கிற கடைகளைச் சுற்றி உள்ளூர் நாய்கள் எல்லை பிரித்து வைத்திருக்கின்றன. பாறை வழுக்கும், சுழல் உண்டு, காவிரியில் முதலையும் உண்டு. நீச்சல் தெரிந்த நாய் என்று பெருமைப்படுவதற்கு இது இடம் இல்லை. பரிசலில் ஏற்றவே வேண்டாம், நாய் ஒரு பக்கம் பாய்ந்தால் மொத்தப் பேருக்கும் ஆபத்து.

தர்மபுரியில் ரூம் போட்டு, ஒருவர் நாயோடு இருக்க மற்றவர்கள் போய்வருவதுதான் வசதி. ஆடிப்பெருக்கு சமயத்தில் கூட்டம் நெரியும், அப்போது நாயோடு அந்தப் பக்கமே வேண்டாம்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டையொட்டி ரிசார்ட் பார்த்திருக்கிறோம். பாதுகாப்பா?

அறை பாதுகாப்புதான், வெளியேதான் கவனம். அந்த வட்டாரம் யானை நடமாட்டம் உள்ளது, ராகி விளைகிற காலத்தில் வயலுக்கே வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. இருட்டியதும் நாயை வெளியே கட்டிவைப்பதோ, வேலிக்கு வெளியே நடத்துவதோ கூடாது. யானையைப் பார்த்த நாய் முதலில் துரத்தும், அப்புறம் பயந்துபோய் நேராக உங்கள் காலடிக்கு ஓடிவரும், பின்னாலேயே யானையும். காவேரி வடக்கு, காவேரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. முன்னது 2014-லும் பின்னது 2022-லும் அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

மாடு கட்டுகிற பண்ணைகளில் உண்ணி அதிகம். கிளம்புவதற்கு முன் உண்ணி மருந்து, திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு, வால் அடி என்று தடவிப் பார்ப்பது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல் தெரிந்தால் மருத்துவரிடம் "வெளியூர் போனோம்" என்று சொல்லுங்கள்.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போகிறோம். பைரவர் வாகனமே நாய்தானே, உள்ளே கூட்டிப் போகலாமா?

கேட்பவர்கள் பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறார்கள். கூட்டிப் போக வேண்டாம். தேய்பிறை அஷ்டமியில் பூசணி விளக்கு ஏற்றக் கூட்டம் வரும், நெருப்பும் நெரிசலும் நாய்க்கு ஒத்துவராது. சேலம் ரோட்டிலேயே இருப்பதால் ஆள் மாற்றி ஆள் போய்த் தரிசனம் செய்துவிட்டு வரலாம். அங்கிருந்து சேலம் போவதென்றால் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். லாரிகள் திடீர் பிரேக் போடுகிற இடம், நாய்க்குப் பெல்ட் மாட்டிவிடுங்கள்.

ரயிலில் வரலாமா?

கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. தர்மபுரி, ஓசூரில் இருக்கிறது. முதல் வகுப்பு ஏசியில் கூபேயோ (இரண்டு பேர் அறை) கேபினோ (நாலு பேர் அறை) முழுதாக உங்களுக்கே கிடைத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ரயில் கார்டு பயணம் செய்கிற பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது. இந்தத் தூரத்துக்குக் கார்தான் சரி.

நாய் யாரையாவது கடித்துவிட்டால்? தெருநாய் நம் நாயைக் கடித்தால்?

மனிதரைக் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, நீங்களே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஊசி அங்கே இலவசம். நாயின் தடுப்பூசிப் புத்தகம் கையில் இருந்தால் பேச்சு பாதியில் அடங்கும். அதன் படத்தை போனிலும் வைத்திருங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பார்கள், அதனால் உங்கள் விலாசத்தைக் கொடுக்காமல் நழுவ வேண்டாம்.

உங்கள் நாய் கடிபட்டால், வருடாந்திர ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும். மாவட்டத் தலைநகரங்களில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செல்லப்பிராணிகளுக்கான தனியார் கிளினிக் ஓசூரில் அதிகம். 1962 என்ற கால்நடை உதவி எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, ஆனாலும் அருகில் எந்த மருத்துவமனை என்று கேட்க உதவும். ராத்திரி யார் திறந்திருக்கிறார்கள் என்பதை லாட்ஜுக்கு வந்த உடனே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பேசி வைத்தும், ராத்திரி வாசலில் 'முடியாது' என்றால்?

சத்தம் போடாமல் வாட்ஸ்அப்பைக் காட்டி, முதலாளிக்கு போன் போடச் சொல்லுங்கள். நாயைக் காரிலேயே ஏசியில் ஒருவரோடு விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள், பேச்சு நடக்கும்போது நாய் குரைத்தால் காரியம் கெட்டது. அப்போதும் முடியாது என்றால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பெங்களூர் பக்கம் போகிறவர்களுக்கு ஓசூர் ஒரு மணி நேரம்தான், அங்கே வாய்ப்பு அதிகம். சேலம் பக்கம் போகிறவர்கள் தர்மபுரி பைபாஸிலேயே இன்னும் இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் தொப்பூர் இறங்க வேண்டாம்.